பெரம்பூர் சனிக்கிழமை பைபிள் கிளாஸ், போகலாமா வேணாமா

பெரம்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போற தூரத்துல ஒரு சின்ன சர்ச், மாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஹால், அங்க சனிக்கிழமை சாயந்தரம் ஒரு வேதபாட கிளாஸ் நடக்குது. தலைப்பு "தேவனுடைய பரிசுத்தமும் அன்பும், அன்றாட வாழ்க்கையில்". ஒரு பேட்ச் முழுசா உக்காந்து முடிச்சேன். எங்க ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல எப்படி இருந்துச்சுன்னு ஆளாளுக்கு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதிடுறேன். சர்ச் பேரு போடல, ஏன்னா கீழ குறையும் சொல்லப் போறேன், வீணா ஒருத்தர் மனசு கஷ்டப்பட வேணாம். இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு எதுன்னு தெரிஞ்சிடும், தெரியாதவங்க உங்க சபைல இதே மாதிரி ஒண்ணு நடத்தச் சொல்லி கேளுங்க.

முதல்லயே சொல்லிடுறேன், போகலாம். அஞ்சுக்கு நாலு தருவேன். அந்த ஒண்ணு ஏன் போச்சுன்னா அது மைக்குக்கும் கொசுவுக்கும் இல்ல, வேற ஒரு விஷயம், அதுக்கு வரேன்.

காசு விஷயம்: கிளாஸ் ஃப்ரீ, நோட்ஸ் புக்குக்கு மட்டும் 60 ரூபா வாங்குறாங்க. அந்த புக்கு ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணது, பாதி பக்கம் மங்கலா இருக்கு, கடைசி பாடத்துல ஒரு பக்கம் தலகீழா பைண்ட் ஆகியிருக்கு. இருந்தாலும் வசன எண் எல்லாம் கரெக்டா இருக்கு, அது போதும். நடுவுல டீயும் சுண்டலும் உண்டு. சுண்டல்ல மாங்கா போட்டு ஒரு அக்கா பண்ணிட்டு வருவாங்க பாருங்க, அதுக்கு தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

தலைப்ப பாத்துட்டு நெறைய பேரு பயந்துதான் வரல. நம்ம பக்கம் "பரிசுத்தம்"னு யாராவது கூட்டம் போட்டா என்ன சொல்லுவாங்கன்னு நமக்குத் தெரியாதா, பூ வைக்காத, தோடு போடாத, சினிமா பாக்காத, டிவிய தூக்கி வெளிய வை, பொம்பளப் பிள்ளைங்க துப்பட்டா எங்க, இதுதானே. எங்க வீட்டுக்கு எதிர்ல இருக்குற ஆன்ட்டி அதனாலயே "எனக்கு மூக்குத்தி இருக்குப்பா, நான் வந்தா என்னைய வச்சே பாடம் எடுப்பாங்க"ன்னு சொல்லிட்டாங்க. ஆனா இந்த கிளாஸ்ல நகை, பூ, சினிமா மூணும் வரவே இல்ல. யாரோ ஒரு பிரதர் ரெண்டாவது வாரமே கைய தூக்கி கேட்டாரு, "ஐயா, நகை பத்தி எப்போ வரும்?" கிளாஸ் எடுக்குறவரு சிரிச்சிட்டே "மொதல்ல கூலிய முடிப்போம் தம்பி, அப்புறம் கம்மலுக்கு வரலாம்"னாரு. கூலியே முடியல கடைசி வரைக்கும்.

எடுக்குறவரு பாஸ்டர் கிடையாது. ஐசிஎஃப்ல, அதான் ரயில் பெட்டி செய்யுற ஃபேக்டரில, வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. ஐசிஎஃப் 1955ல ஆரம்பிச்சதுல இருந்து பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் சொந்தத்துல ஒருத்தராவது அங்க வேலை பாத்திருப்பாங்க, அந்த மாதிரி குடும்பத்துல இருந்து வந்த மனுஷன். எல்லாரும் ஐயான்னு கூப்பிடுறோம். கத்த மாட்டாரு, ஒரு தடவ கூட "கை தட்டுங்க"ன்னு சொன்னதில்ல, மைக்க பிடிச்சிட்டு நடக்க மாட்டாரு, ஒரு ஸ்டூல்ல உக்காந்து கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு வசனத்த படிக்க சொல்லுவாரு, படிச்சதும் "இதுல யாரு பேசுறாங்க, யாருகிட்ட பேசுறாங்க, என்னா செய்ய சொல்றாங்க"ன்னு மூணு கேள்வி. அவ்ளோதான் அவரோட டெக்னிக். வேதாகம கல்லூரிக்கு போனவரான்னு கேட்டா இல்லன்றாரு, ஆனா கேக்குற கேள்வி கூர்மையா இருக்கு.

ஆரம்பம் ஏசாயா 6. உசியா ராஜா செத்த வருஷம்னு அந்த அதிகாரம் ஆரம்பிக்கும்ல, நம்ம அதை வேகமா தாண்டி சேராபீன்களுக்கு, அதான் செட்டை வச்ச தூதர்களுக்கு, போயிடுவோம். ஐயா அங்கயே நிறுத்திட்டாரு. யாரு இந்த உசியா, 2 நாளாகமம் 26 எடுங்கன்னாரு. நல்லா ஆண்ட ராஜா, கோட்டை கட்டினான், கிணறு வெட்டினான், பேரு வந்ததும் தலைக்கனம் ஏறி, ஆசாரியன் செய்யவேண்டிய தூபத்த நானே காட்டுறேன்னு ஆலயத்துக்குள்ள போயிட்டான், நெத்தில குஷ்டம் வந்துச்சு, சாகுற வரைக்கும் தனி வீட்டுலயே இருந்தான். இப்போ அந்த ஆளு செத்த வருஷத்துல ஏசாயா அதே தேவன பாக்குறான், ஆறு ஆறு செட்டையோட நிக்குறவங்க கூட முகத்த மூடிக்கிட்டு "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்"ன்றாங்க, வாசல் நிலை அசையுது, புகை. ஏசாயா "ஐயோ, அதமானேன்"ன்றான், அசுத்த உதடுன்றான். ராஜாவே தப்பிக்கலயே, நான் எம்மாத்திரம்னு நினைச்சிருப்பான்ல. அப்போதான் ஒரு சேராபீன் குறட்டால நெருப்புத் தழல எடுத்து வந்து வாயில தொடுறான். ஐயா இங்க ஒண்ணு கேட்டாரு, "போய் உதட்ட கழுவிட்டு வான்னு யாராவது சொன்னாங்களா?" யாரும் சொல்லல. பலிபீடத்துல இருந்து அங்க இருந்தேதான் வருது. பரிசுத்தமான இடத்துல இருந்து ஒண்ணு இறங்கி வந்து அசுத்தமான வாய தொட்டு அத சரி பண்ணிட்டு, அப்புறம் "யாரை அனுப்புவேன்"னு கேக்குது. நான் சின்ன வயசுல இருந்து சண்டே ஸ்கூல்ல கேட்ட கதை, ஆனா உசியாவ பக்கத்துல வச்சி படிச்சதே இல்ல, அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சு.

அடுத்து லேவியராகமம் 19. இந்த பேட்ச்ல பாதி நேரம் இங்கதான் போச்சு, நீங்க இந்த கிளாஸுக்கு போறதே இதுக்காகத்தான்னு வச்சிக்கோங்க. லேவியராகமம்னாலே ஜனவரில பைபிள முழுசா படிக்க ஆரம்பிக்கிறவங்க பிப்ரவரில விட்டுட்டு ஓடுற புக்கு. அந்த அதிகாரத்துல ரெண்டாம் வசனம் "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்". சரி, எப்படி பரிசுத்தமா இருக்குறதுன்னு அதுக்கு கீழ வரிசையா வருது, ஐயா போர்டுல எழுத சொன்னாரு: அறுக்கும்போது வயலோட ஓரத்த விட்டுடு, சிந்தினத பொறுக்காத, அது ஏழைக்கும் பரதேசிக்கும். கூலிக்காரனோட கூலி விடியுற வரைக்கும் உன் கையில இருக்கக் கூடாது. செவிடன திட்டாத. குருடன் முன்னாடி தடுக்கல் வைக்காத. நரைச்சவங்க முன்னாடி எழுந்திரு. தராசு சரியா இருக்கணும், படி சரியா இருக்கணும். நடுவுல 18ம் வசனத்துல "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக". இயேசு பெரிய கட்டளைன்னு சொன்னாரே அதுல ரெண்டாவது, அது இருக்குற இடம் இதுதான், கூலிக்கும் தராசுக்கும் நடுவுல. இன்னொன்னும் கவனிங்க, 34ம் வசனத்துல அந்நியனையும் அதே மாதிரி நேசின்னு திரும்ப வருது, எகிப்துல நீங்களும் அந்நியரா இருந்தீங்களேன்னு காரணம் வேற சொல்லுது. போர்டுல பாத்தா கோயிலுக்குள்ள செய்யுற காரியத்த விட கடையிலயும் வயல்லயும் தெருவுலயும் செய்யுற காரியம்தான் அதிகமா இருந்துச்சு.

இங்கதான் சண்டையே ஆரம்பிச்சுது. காசிமேட்டுல மீன் எடுத்து தலையில கூடை வச்சி விக்கிற அக்கா ஒருத்தங்க வருவாங்க, செம வாய். "ஐயா, ஐஸோட சேத்து நிறுத்தா அது கள்ளத் தராசா?"ன்னு நேரா கேட்டுட்டாங்க. ஹால்ல ஒரே சிரிப்பு. ஐயா சிரிக்கல. "நீ வாங்கும்போது ஐஸோடவா வாங்குற, ஐஸ் இல்லாமயா?"ன்னு கேட்டாரு. அக்கா விட்டாங்க பாருங்க, விடியக்காலைல ஏலத்துல பெட்டில மேல பெரிய மீனா அடுக்கி கீழ பொடி மீன வச்சி எங்கள ஏமாத்துறவன யாரு கேக்குறது, போட்டுக்காரன் டீசலுக்கு என்னா பண்றான்னு யாரு கேக்குறது, கூடைக்காரி கிட்டதான் வேதம் வருமான்னு. நியாயமான கேள்வி, எனக்கு சட்டுனு பதில் தெரியல. ஐயா சொன்னது, "ஏலம் விடுறவனுக்கும் இதே வசனம்தான்மா, அவன் இங்க வந்து உக்காந்திருந்தா அவன மொதல்ல கேட்டிருப்பேன். நீ வந்திருக்க, அதனால உன்னைய கேக்குறேன்." அக்கா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, நாளைக்கு ஞாயித்துக்கெழம, கூட்டம் அள்ளும், திங்கள்ல இருந்து பாக்குறேன்"னாங்க. திரும்ப சிரிப்பு. திங்கள்ல இருந்து பாத்தாங்களான்னு நான் கேக்கல, அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல வர வேண்டிய பேச்சு இல்ல.

இன்னொருத்தரு பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்குற அண்ணன், மூலக்கடை பக்கம். அவரு கூலி வசனத்துல மாட்டிக்கிட்டாரு. "ஐயா எனக்கே பார்ட்டி பில்லு செட்டில் பண்ல, நான் எங்க இருந்து பசங்களுக்கு சனிக்கெழம குடுக்குறது"ன்னு. ஐயா உபாகமம் 24 எடுத்தாரு, அங்கயும் கூலி வருது, சூரியன் அஸ்தமிக்கிறதுக்குள்ள குடுத்துடு, ஏன்னா அவன் ஏழை, அந்தக் காசு மேலதான் அவன் உயிர வச்சிருக்கான்னு. "உனக்கு வரலன்றது நெஜம் தம்பி. அவன் வீட்ல ராத்திரிக்கு அரிசி வாங்கணும்ன்றதும் நெஜம். ரெண்டு நெஜத்துல தேவன் எது பக்கத்துல நிக்குறாருன்னு நீயே படிச்சி சொல்லு." அப்படியே யாக்கோபு 5க்கு போனாரு, பிடிச்சி வச்ச கூலி கூக்குரல் போடுதாம், அந்த சத்தம் சேனைகளுடைய கர்த்தர் காதுக்கு போகுதாம். சேனைகளின் கர்த்தர்ன்ற பேரு ஏசாயா 6ல சேராபீன் சொன்ன அதே பேருன்னு அவரு காட்டினப்போ முதுகுல சில்லுன்னு ஆச்சு எனக்கு. மேல புகைக்கு நடுவுல மூணு தடவ பரிசுத்தர்னு சொல்லப்பட்டவரு, கீழ ஒரு பெயின்டர் பையனோட பாக்கி 900 ரூபாய்க்கு காது குடுக்குறாரு. அந்த அண்ணன் பதில் பேசல, ஆனா அடுத்த வாரமும் வந்தாரு, அதுவே பெருசு.

அப்புறம் தண்டல். வடசென்னைல இருந்துட்டு தண்டல் பத்தி பேசாம எப்படி. வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், பத்தாயிரம் கடன்னா கையில 8,500தான் தருவாங்க, தினம் 100 ரூபா வசூல், 100 நாளு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம் வந்தா காசிமேட்டுல கையில காசு இருக்காது, ஸ்கூல் ஃபீஸ் வேற அதே நேரம், அப்போதான் தண்டல்காரருக்கு சீசன். 2003ல தமிழ்நாடு அரசு கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்துக்கும் சேத்து தடைச் சட்டம் போட்டுச்சு, சட்டம் பாட்டுக்கு சட்டம், வசூல் பாட்டுக்கு வசூல். ஐயா யாத்திராகமம் 22 எடுத்தாரு, ஏழைக்கு கடன் குடுத்தா வட்டி போடாத, போர்வைய அடமானமா வாங்குனா பொழுது சாயறதுக்குள்ள திருப்பிக் குடுத்துடு, அவன் எத போத்திக்கிட்டு தூங்குவான், அவன் என்னைக் கூப்பிட்டா நான் கேப்பேன், ஏன்னா நான் இரக்கமுள்ளவர். ஒரு அம்மா மெதுவா, "தண்டல் விடுறவரு நம்ம சர்ச்லயே முன் பெஞ்சுல உக்காருறாரே ஐயா"ன்னாங்க. ஐயா "எனக்கும் தெரியும்மா"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு மேல போகல. போயிருக்கலாம்னு தோணுச்சு.

இதுக்கு அடுத்த வாரம் சம்பந்தமே இல்லாம சரித்திரம் எடுக்கப் போறேன்னாரு, நான் சலிச்சுக்கிட்டேன், ஆனா அதுவும் இங்கதான் வந்து நின்னுச்சு. வேப்பேரி நம்ம பக்கத்துலதானே, 29சி பஸ்ல போனா கொஞ்ச நேரம். அங்க ஃபாப்ரிசியஸ்னு ஒரு ஜெர்மன் மிஷனரி இருந்தாரு. 1761ல இங்கிலீஷ்காரங்க புதுச்சேரிய பிடிச்சப்போ பிரெஞ்சுக்காரங்களோட அச்சு இயந்திரத்த மெட்ராஸுக்கு தூக்கிட்டு வந்து வேப்பேரில இவருகிட்ட விட்டாங்க, கம்பெனிக்கு வேணும்ன்றத மொதல்ல அடிச்சுக் குடுக்கணும்ன்ற கண்டிஷனோட. அதுல 1772ல அவரோட தமிழ் புதிய ஏற்பாடு வந்துச்சு, 1779ல அகராதி. அப்பேர்ப்பட்ட மனுஷன் பணம் கொடுக்கல் வாங்கல்ல மாட்டி கடனுக்காக ஜெயிலுக்கும் போனாரு. தமிழ்ல வேதத்த வார்த்தை வார்த்தையா உக்காந்து செதுக்கினவருக்கே பணம் அப்படி குழி வெட்டியிருக்குன்னா நம்ம கதி என்னன்னு ஒரு பையன் கேட்டான், ஐயா "அதான் சொல்றேன், வேதம் தெரிஞ்சிருக்குறது வேற, தராசு சரியா இருக்குறது வேற"ன்னாரு. அந்த வாரம் ஹால்ல கரண்ட் போயிடுச்சு, மொபைல் டார்ச் வெளிச்சத்துலதான் பாதி கதை கேட்டோம்.

இப்போ அன்பு பக்கம். நான் எதிர்பாத்தது என்னன்னா, லேவியராகமம்லாம் பழசு, அது கண்டிப்பு, புதிய ஏற்பாடு வந்ததும் அன்பு ஆயிடுச்சுன்னு முடிப்பாருன்னு. யூடியூப்ல அப்படித்தான் நெறைய பேரு பேசுறாங்க, ஒரு தம்ப்நெயில்ல தேவன் கோவமா இருப்பாரு, அடுத்ததுல சிரிச்சிட்டு இருப்பாரு. ஐயா ஓசியா 11 எடுத்தாரு. எப்பிராயீமுக்கு, அதான் இஸ்ரவேல் ஜனத்துக்கு, நடை பழக்கினேன், கையப் பிடிச்சி நடத்தினேன், அவங்க என்ன விட்டுட்டு போயிட்டாங்கன்னு ஒரு அப்பா மாதிரி புலம்புற அதிகாரம். 9ம் வசனத்துல கோவத்தின்படி செய்ய மாட்டேன்றாரு, அதுக்கு காரணம் என்ன குடுக்குறாருன்னு பாருங்க, "நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன், நான் உன் நடுவிலுள்ள பரிசுத்தர்". நம்ம கணக்குப்படி பரிசுத்தரா இருக்குறதால அழிச்சிடுவேன்னு தானே வரணும்? இங்க பரிசுத்தரா இருக்குறதாலதான் அழிக்க மாட்டேன்னு வருது. மனுஷனா இருந்தா பழிக்குப் பழி வாங்கிட்டு போயிருப்பான், இவரு மனுஷன மாதிரி இல்லாததால விட்டுக்குடுக்குறாரு. இந்த ஒரு வசனத்த நான் வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்ப படிச்சேன். எங்க அப்பா பேச்ச நிறுத்துனா மாசக்கணக்குல பேச மாட்டாரு, எனக்கு தேவனும் அப்படித்தான்னு எங்கயோ ஒரு மூலையில பதிஞ்சி போயிருக்கு. அது இன்னும் முழுசா போயிடல, ஆனா இப்போ எதிர்ல நிறுத்தி வாதாட ஒரு வசனம் கையில இருக்கு.

எபிரெயர் 12:14 பத்தியும் ஒண்ணு சொல்லணும். "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே", இது எத்தன வீட்டு சுவத்துல காலண்டரா தொங்குது, எத்தன பாஸ்டர் இத வச்சி நம்மள பயமுறுத்தியிருக்காங்க. அதே வசனத்தோட முதல் பாதி என்னன்னு ஐயா கேட்டாரு, ஹால்ல ஒருத்தருக்கும் சட்டுனு வரல. "யாவரோடும் சமாதானமாயிருக்கவும்"னு ஆரம்பிக்குது. யாவரோடும். மாடி வீட்டு மோட்டார் சண்டை, சொத்து கேஸு, மாமியார் மருமக, எல்லாம் அதுல வருது. அந்தப் பாதிய காலண்டர்ல யாரும் அடிக்குறதில்ல.

தொடுற விஷயம் பத்தி எடுத்த பாடமும் நல்லா இருந்துச்சு. ஆகாய் 2ல ஒரு கேள்வி வரும், பரிசுத்தமான மாம்சத்த வஸ்திர தொங்கல்ல கொண்டு போறவன், அந்தத் தொங்கல் அப்பத்து மேல பட்டா அப்பம் பரிசுத்தம் ஆகுமா, ஆகாது. பொணத்த தொட்டவன் தொட்டா தீட்டாகுமா, ஆகும். தீட்டு ஒட்டிக்கும், சுத்தம் ஒட்டாது, அதான் நியாயப்பிரமாணம். மாற்கு 1ல இயேசு குஷ்டரோகிய தொடுறாரு, சொஸ்தமாகுன்னு வாயால சொல்லியிருந்தாலே போதும், தொடுறாரு. மாற்கு 5ல 12 வருஷம் உதிரப்போக்கு இருந்த பொம்பள கூட்டத்துல புகுந்து வஸ்திரத்த தொடுறா, அவரு தீட்டாகல, அவ சுகமாகுறா. அப்படியே லூக்கா 5, பேதுரு வலை கிழியுற அளவு மீன் பிடிச்சிட்டு, சந்தோஷப்படாம கால்ல விழுந்து "நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்"ன்றான். கிளாஸ்ல போட்டுக்கு போற அண்ணன் ஒருத்தர், எப்பவும் கடைசி சேர்ல தூங்குறவரு, திடீர்னு முழிச்சு "அவ்ளோ மீனு வந்தா எந்த மீனவன் சார் கால்ல வுழுவான், ஏலத்துக்கு ஓடுவான், அவன் வுழுந்தான்னா எதிர்ல இருந்தவரு யாருன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு"ன்னாரு. இதவிட நல்ல வியாக்கியானம் நான் எங்கயும் கேட்டதில்ல. இயேசு போகவும் இல்ல, பயப்படாதன்னுட்டு அதே படகுல வந்தவர கூடவே கூட்டிட்டுப் போறாரு.

சரி, குறைக்கு வரேன்.

ஆறு மணின்னு போட்டிருப்பாங்க, ஆறே முக்காலுக்கு முன்னாடி ஆரம்பிக்காது. பாட்டு நாலஞ்சு ஓடும், கீபோர்ட் வாசிக்குற தம்பி வேற வால்யூம முழுசா ஏத்திடுவான். மைக் எக்கோ அடிக்குது, ஐயா மெதுவா பேசுறவரு, பின்னாடி உக்காந்தா பாதி கேக்காது. கொசு. லேடீஸ் டாய்லெட் கீழ இருக்கு, மாடிப்படி செங்குத்து, முட்டி வலி இருக்குற பெரியவங்களுக்கு கஷ்டம், நரைச்சவங்க முன்னாடி எழுந்திருன்னு பாடம் எடுக்குற எடத்துல ஒரு கைப்பிடி போடக் கூடாதா. ஜெப விண்ணப்பம்னு கடைசில ஒவ்வொருத்தரும் எழுந்து சொல்ல ஆரம்பிச்சா எட்டரை ஆயிடும், சில பேரு விண்ணப்பம்ன்ற பேர்ல பக்கத்து வீட்டு விஷயத்த எல்லாம் சபையில போட்டு உடைக்குறாங்க, அதுக்கு ஒரு கட்டுப்பாடு வேணும். இதெல்லாம் பொறுத்துக்கலாம்.

பொறுக்க முடியாதது சாதி. லேவியராகமம் 19:15ல முகதாட்சிணியம், அதான் ஆள் பாத்து ஓரவஞ்சனை, பாக்காதன்னு வருது, யாக்கோபு 2ல பொன்மோதிரம் போட்டவன நல்ல எடத்துல உக்கார வச்சிட்டு கந்தை கட்டினவன நின்னுக்கோன்னு சொல்லாதன்னு வருது, ரெண்டையும் படிச்சோம். படிச்சிட்டு பணக்காரன் ஏழைன்னு பேசிட்டு நகந்துட்டாங்க. ஒரு காலேஜ் பொண்ணு, வியாசர்பாடில இருந்து வர்றவ, நேராவே கேட்டா, "கிறிஸ்தவ மணமகள் தேவைன்னு விளம்பரத்துல பக்கத்துலயே சாதி பேரு போடுறாங்களே ஐயா, அது பரிசுத்தமா?" ஹால் அமைதியாயிடுச்சு. ஐயா வாய தொறக்குறதுக்குள்ள முன்னாடி இருந்த ஒரு கமிட்டி ஆளு "அதெல்லாம் சமுதாய விஷயம், இங்க ஆவிக்குரிய விஷயம் மட்டும்"னு எழுந்துட்டாரு, டீ வந்துடுச்சு. கூலி ஆவிக்குரிய விஷயம், தராசு ஆவிக்குரிய விஷயம், ஐஸ் கட்டி கூட ஆவிக்குரிய விஷயம், சாதி மட்டும் எப்படி சமுதாய விஷயமாச்சு? அதே அதிகாரம்தானே. தமிழ்நாட்டுல தனிக் கல்லறை, தனி வரிசைன்னு சபைக்குள்ளயே சண்டை நடந்த ஊரு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், வடசென்னைல அந்த அளவு வெளிப்படையா இல்ல, கல்யாணம்னு வந்தா வெளிய வந்துடுது. டீ குடிக்கும்போது ஐயா அந்தப் பொண்ணுகிட்ட போய் தனியா ஏதோ பேசினாரு, அது நல்லது, ஆனா கேள்விய எல்லார் முன்னாடியும் கேட்டா, பதிலும் எல்லார் முன்னாடியும் வந்திருக்கணும். அந்த ஒரு ஸ்டார் அங்கதான் போச்சு. அந்தப் பொண்ணு அதுக்கு அப்புறமும் வந்தா, நோட்ஸ்ல யாக்கோபு 2 பக்கத்துல பேனாவால பெருசா ஒரு கேள்விக்குறி போட்டு வச்சிருந்தத பாத்தேன்.

யாரு போகலாம்? கடை வச்சிருக்குறவங்க, ஆள் வச்சி வேலை வாங்குறவங்க கண்டிப்பா போங்க, கொஞ்சம் குத்தும். பரிசுத்தம்னு கேட்டாலே சின்ன வயசு பயம் வர்றவங்க போங்க, ஓசியா வாரத்த மட்டும் விட்டுடாதீங்க. ஆராதனை மாதிரி உணர்ச்சி வேணும், கண்ணீர் வரணும்னு நினைக்கிறவங்களுக்கு இது செட் ஆகாது, ரொம்ப நிதானமா போகும். ஆர்சிக்காரங்களும், அதான் ரோமன் கத்தோலிக்கங்களும், வர்றாங்க, லூர்து மாதா கோயில் பக்கம் இருந்து ரெண்டு குடும்பம் எங்க கூடவே உக்காந்தாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. அதுல ஒரு சார் சொன்னாரு, 1964ல வத்திக்கான் சங்கத்துலயே புனிதம்ன்றது சாமியாருக்கும் கன்னியாஸ்திரிக்கும் மட்டும் இல்ல, குடும்பஸ்தன், தொழிலாளி எல்லாருக்கும் அழைப்பு இருக்குன்னு எழுதி வச்சாச்சுன்னு. அப்போ எங்க தாத்தா காலத்துலயே சொல்லியாச்சு, நமக்கு காதுல விழ இவ்ளோ நாளாயிருக்கு.

பைபிள் பழைய மொழிபெயர்ப்பே எடுத்துட்டு போங்க, ஐயா அதுல இருந்துதான் படிக்க சொல்றாரு, மொபைல்ல வச்சி தேடுனா அவரு அடுத்த வசனத்துக்கு போயிடுவாரு. பைக்க ஸ்டேஷன் பக்கமே போட்டுட்டு நடங்க, சந்துக்குள்ள ரோடு தோண்டி வச்சிருக்காங்க. ஃபேன் நாலுல ரெண்டுதான் ஓடுது, ஜன்னல் பக்கம் மூணாவது வரிசை நல்ல எடம், மைக்கும் ஓரளவு கேக்கும். குழந்தைங்கள கூட்டிட்டு போகலாம், கீழ அவங்களுக்கு தனியா கதை சொல்ல ஒரு அக்கா இருக்காங்க. முடிஞ்சதும் பசிச்சா வியாசர்பாடி பக்கம் போய் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடுங்க, முட்டை பேஜோவும் கேளுங்க. அடுத்த பேட்ச் ஈஸ்டர் முடிஞ்சதும்னு சொல்லியிருக்காங்க, போறவங்க யாராவது அந்தப் பொண்ணு கேட்ட கேள்விய மறுபடி கேளுங்க, இந்த தடவ டீ வர்றதுக்கு முன்னாடியே.